காணிக்கை தந்தவர்களிடம் கணக்கைச் சொல்லுங்கள்: தமிழக ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆயர் பெருமக்களே,

இயேசுவுக்கே புகழ்.

இறைமக்கள் திருச்சபைக்குக் கொடுத்த பொருள்களைப் பற்றி, அவற்றை நிர்வகிப்பவர்கள் அந்த இறைமக்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1287-ஆம் எண், இரண்டாம் பத்தி சொல்கிறது. எந்த முறையில் கொடுப்பது என்பதை மட்டும் அந்தந்தத் தலத்திருச்சபையின், அதாவது ஓர் ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்தின், தனிச்சட்டம் தீர்மானிக்கட்டும் என்று அது விட்டுவைத்திருக்கிறது. அந்தத் தனிச்சட்டத்தை, நாளும் வடிவமும் பொறுப்பாளரும் தெளிவாகக் குறித்து, உங்கள் மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் இயற்றி அறிவியுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். ஏற்கெனவே இத்தகைய விதிகளை வகுத்திருக்கும் ஆயர்கள், அவை எல்லாப் பங்குகளிலும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் சமூகங்களிலும்) நடைமுறைக்கு வந்திருக்கின்றனவா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் குருவோ துறவியோ அல்லாத ஒரு பொதுநிலையினன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பங்குப் பேரவையிலும் திருவிழாக் குழுவிலும் இருந்து, காணிக்கை எண்ணும் மேசையருகே பல ஞாயிறுகள் உட்கார்ந்திருக்கிறேன். எந்த அருள்பணியாளர் மீதும் குற்றம் சுமத்த நான் இதை எழுதவில்லை. நான் அறிந்த பங்குத்தந்தையரில் மிகப் பலர் தங்கள் சொந்தப் பணத்தையும் கோயில் வேலைக்குச் செலவிட்டவர்கள். கணக்கு வெளியே சொல்லப்படாத இடத்தில் அத்தகையவர்கள்தாம் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். தங்கள் தேவைகளையும் கருத்துகளையும் ஆயர்களிடம் எடுத்துரைக்கும் உரிமை மட்டுமல்ல, சில வேளைகளில் கடமையும் இறைமக்களுக்கு உண்டு என்று 212-ஆம் எண் கூறுவதால், அந்தத் துணிவில் பேசுகிறேன்.

உங்களுக்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மறைமாவட்டத்தில் சட்டம் இயற்றும் அதிகாரம், நிர்வாக அதிகாரம், நீதி வழங்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஆயரிடமே இருக்கின்றன. அவற்றில் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அவர் நேரடியாகத் தாமே செயல்படுத்த வேண்டும் என்று 391-ஆம் எண் வரையறுக்கிறது. முதன்மைக் குருவோ மறைமாவட்டப் பொருளாளரோ இதைச் செய்துவிட முடியாது. ஆயர் பேரவையும் தன் பெயரில் இப்படி ஒரு சட்டம் இயற்றும் அமைப்பன்று என்பதை அறிவேன். ஆனால் பேரவையில் ஒரு பொது வரைவை நீங்கள் ஒத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் மறைமாவட்டத்தில் அதை ஒரே நாளில் அறிவித்தால், ஒரு பங்கில் நடப்பது அடுத்த மறைமாவட்டத்துப் பங்கில் நடக்கவில்லையே என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1983 ஜனவரி 25 அன்று அறிவித்து, அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறான நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த இப்போதைய தொகுப்பில் 1752 எண்கள் உள்ளன. அவற்றில் ஐந்தாம் புத்தகம் முழுவதும் திருச்சபையின் பொருள்களைப் பற்றியது. பங்குகளில் திருச்சபைச் சட்டம் என்றாலே திருமணத் தடைகளும் ஓலை வாசிப்பதும் (கோயிலில் திருமண அறிவிப்பு வாசிப்பதும்) தாம் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாம் புத்தகம் குருமடத்து வகுப்பறையோடு நின்றுவிட்டது. அது சொல்வதையெல்லாம் அறிந்த பங்கு மக்கள் மிகச் சிலரே.

அது என்ன சொல்கிறது? திருச்சபை பொருள்களை வைத்திருப்பது இறைவழிபாட்டுக்காகவும், குருக்களும் பிற பணியாளர்களும் தகுந்த முறையில் வாழ்வதற்காகவும், நற்செய்திப் பணிக்காகவும், ஏழைகளுக்கான அன்புப் பணிகளுக்காகவும் என்று 1254-ஆம் எண் எல்லை வகுக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்று 1267-ஆம் எண் கட்டளையிடுகிறது. கெபி (மாதாவுக்கோ புனிதருக்கோ எழுப்பும் சிறு குகைக்கோயில்) கட்டுவதற்கென்று வாங்கிய பணத்தில் வாகனம் வாங்கக் கூடாது. வெள்ள நிவாரணத்துக்கென்று எடுத்த இரண்டாம் காணிக்கையை மணிக்கூண்டுக்குத் திருப்பக் கூடாது. பங்குப் பணியின் போது மக்கள் கொடுப்பது, கொடுத்தவரின் எண்ணம் வேறு என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய, பங்கின் நிதிக்கே சேரும் என்கிறது 531-ஆம் எண். சட்டப்படி அமைக்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் தனக்கென ஒரு சட்ட ஆளுமை (தன் பெயரிலேயே சொத்தும் உரிமையும் கொள்ளும் தகுதி) உடையது என்பதும், ஒரு பொருளை முறையாக ஈட்டிய சட்ட ஆளுமைக்கே அப்பொருளின் உரிமை என்பதும் 515, 1256 ஆகிய எண்களின் தீர்ப்பு. நிலத்தின் பட்டா பெரும்பாலும் மறைமாவட்டச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. நாட்டுச் சட்டத்தின் தேவைக்காக அது அப்படி இருக்கலாம். எனினும் திருச்சபைச் சட்டத்தின் கண்ணில் அது பங்கின் சொத்து. பங்குத்தந்தை அதன் நிர்வாகி, உரிமையாளர் அல்லர்.

இவற்றுக்கெல்லாம் காவலாகச் சட்டம் வைத்திருக்கும் அமைப்பு எது என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பங்கு மேய்ப்புப்பணிப் பேரவையை, குருக்கள் பேரவையின் கருத்தைக் கேட்டு ஆயர் தகுந்தது என்று கருதினால் அமைக்கலாம் என்றுதான் 536-ஆம் எண் சொல்கிறது. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்பது 537-ஆம் எண். முன்னது ஆயரின் முடிவைப் பொறுத்தது. பின்னதற்கு விலக்கே இல்லை. நம் ஊர்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. பேரவைத் தேர்தல் வந்தால், அண்டை வீட்டார் கூடும் சிறு செபக் குழுவான அன்பியம் தோறும் பரபரப்பு. துணைத்தலைவர் பதவிக்குப் போட்டி. பொறுப்பேற்பு விழாவுக்குத் திருப்பலி. நிதிக்குழு என்று ஒன்று இருக்கிறதா, அதில் யார் யார் என்று அதே மக்களிடம் கேட்டால் பதில் வராத பங்குகள் உண்டு. பேரவையின் செயலரும் பொருளாளருமே நிதிக்குழு என்று சொல்லிவிடும் இடங்களும் உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய ஒன்று பெயரளவில் நிற்பதும், அது ஆயரின் விருப்பத்துக்கு விட்ட ஒன்று ஊர் அரசியலாக வளர்வதும், இந்தப் பகுதியை நாம் படிக்காததால் வந்த விளைவே.

மறைமாவட்ட அளவில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. பொருளாதாரத்திலும் நாட்டுச் சட்டத்திலும் உண்மையான தேர்ச்சியும் நேர்மையும் உள்ள குறைந்தது மூன்று பேர் கொண்ட நிதிக்குழு ஆயருக்கு வேண்டும். அவர்களின் பணிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஆயருக்கு நான்காம் உறவுப் படி வரை இரத்த உறவாகவோ மண உறவாகவோ இருப்பவர் அதில் இடம்பெற முடியாது என்று 492-ஆம் எண் கூறுகிறது. வழக்கத்துக்கு மீறிய நிர்வாகச் செயல்களுக்கு இந்தக் குழுவின் இசைவையும் குருக்களைக் கொண்ட ஆலோசகர் குழுவின் இசைவையும் ஆயர் பெற வேண்டும். இசைவு தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் செய்த செயல் செல்லாது என்பது 127-ஆம் எண். திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியமைத்து 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் புத்தகம் இதற்கான தண்டனையை விரிவுபடுத்தியிருக்கிறது. தேவையான கலந்தாய்வோ இசைவோ அனுமதியோ இன்றித் திருச்சபைப் பொருளைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பவரும், பொருள் நிர்வாகத்தில் கடுமையான அசட்டை காட்டியவரும் 1376-ஆம் எண்ணின்படி தண்டிக்கப்பட வேண்டும். பதவி நீக்கமும் அதற்குள் அடங்கும். ஏற்படுத்திய இழப்பை ஈடுசெய்யும் கடமையும் நீங்காது.

கணக்கைப் பற்றிய எண்ணுக்குத் திரும்புகிறேன். 1287-ஆம் எண்ணின் முதல் பத்தி, நிர்வாகிகள் குருக்களாயினும் பொதுநிலையினராயினும் ஆண்டுதோறும் ஆயரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும், ஆயர் அதை நிதிக்குழுவின் ஆய்வுக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்லி, இதற்கு மாறான வழக்கம் எதுவாயினும் கண்டிக்கப்படுகிறது என்றும் கூறுகிறது. சட்டத் தொகுப்பில் எல்லா இடங்களிலும் இந்தச் சொற்றொடர் வருவதில்லை. நெடுங்கால வழக்கம் சில வேளைகளில் சட்டமாகவே ஆகிவிடும் என்று ஒப்புக்கொள்ளும் அதே தொகுப்பு, வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்ட வழக்கத்துக்கு மட்டும் அந்தத் தகுதி ஒருபோதும் வராது என்று 24-ஆம் எண்ணில் கூறுகிறது. ஆகவே “எங்கள் ஊரில் எப்போதுமே இப்படித்தான்” என்ற பதில் முதல் பத்தியின் முன் நிற்காது. அதற்கு அடுத்து வரும் இரண்டாம் பத்தியே மக்களுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கைப் பற்றியது. மேலே ஆயருக்கும் கீழே மக்களுக்கும் என்று இரண்டு திசையிலும் கணக்குச் செல்ல வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். முதல் திசை ஓரளவு நடக்கிறது. இரண்டாம் திசையில்தான் பாதை வெட்டப்படாமல் கிடக்கிறது.

இது நவீன உலகின் தணிக்கைப் பழக்கத்திலிருந்து கடன் வாங்கியதன்று. 451-இல் கூடிய கால்செதோன் சங்கம் தன் 26-ஆம் விதியில், ஆயர் ஒவ்வொருவரும் தம் குருக்களிலிருந்து ஒரு பொருளாளரை நியமிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. திருச்சபையின் நிர்வாகம் சாட்சியில்லாமல் நடக்கக் கூடாது, அதனால் பொருள் சிதறவும் கூடாது, குருத்துவத்துக்குப் பழி வரவும் கூடாது என்று காரணமும் சொன்னது. அதற்கும் முன்னே, எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பெருந்தொகையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியே போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்லாமல் மனிதர் முன்னிலையிலும் சரியானதைச் செய்யவே கருத்தாயிருப்பதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் விளக்குகிறார். தம் நேர்மையில் ஐயமில்லாத திருத்தூதரே சாட்சி தேடினார்.

நம் மண்ணில் இந்தக் கேள்வி எங்கே உரசுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் கோயிலும் ஊரும் பிரிக்க முடியாதபடி பின்னியவை. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு விடுவது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி போடுவது, மண்டகப்படிக்கு ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்பது என்பவை பக்தியாலும் ஊர் ஒற்றுமையாலும் வளர்ந்த நல்ல வழக்கங்கள். கரை வலை இழுத்தவரும் பனையேறியவரும் வியர்வையில் கொடுத்த காசில்தான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் இந்த வரியைத் திரட்டுவது பெரும்பாலும் ஊர்க் கமிட்டி. அந்தப் பணம் பங்கின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாளில் கைமாறும் தொகை, சில ஊர்களில் பங்கின் ஓராண்டு வரவைவிடக் கூடுதலாகிறது. திருச்சபை நோக்கத்துக்காகத் தனியார் எவரும் ஆயரின் எழுத்துமூல அனுமதியின்றிப் பணம் திரட்டக் கூடாது என்று 1265-ஆம் எண் சொல்கிறது. அந்த அனுமதியை நீங்கள் எழுத்தில் கொடுக்கும்போதே, கொடியிறங்கிய முப்பது நாளுக்குள் வரவு செலவை மக்கள் முன் வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால், பல ஊர்களில் ஆண்டுக்கணக்காக நீளும் பகை முளைவிடும் முன்பே கருகும்.

இதைவிடக் கசப்பானது, வரி பாக்கியைத் திருமுழுக்கு, திருமணம் முதலிய திருவருள்சாதனத்தோடும் கல்லறையோடும் முடிச்சிடுவது. பாக்கியைத் தீர்த்தால்தான் ஓலை வாசிக்கப்படும், பாக்கியைக் கட்டினால்தான் குழி வெட்டப்படும் என்று கமிட்டியார் சொல்ல, பங்குத்தந்தை இருபக்கமும் சமாதானம் பேசி நிற்பதை நம் ஊர்களை அறிந்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். இறந்த கிறிஸ்தவருக்கு அடக்கச் சடங்கு அளிக்கப்பட வேண்டும் என்று 1176-ஆம் எண் கட்டளையிடுகிறது. யாருக்கு மறுக்கலாம் என்பதை 1184-ஆம் எண் பெயர் சொல்லிக் குறிக்கிறது: விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர், தப்பறையாளர் (திருச்சபைக் கோட்பாட்டுக்கு மாறானதைப் பிடிவாதமாகக் கொள்பவர்), பிரிவினைவாதி, கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு தகனத்தைத் தேர்ந்தவர், அடக்கம் செய்தால் மக்களுக்கு இடறலாகும் வெளிப்படையான பாவி, இவர்களும் இறக்கும் முன் மனமாற்றத்தின் அடையாளம் காட்டியிருந்தால் மறுக்க முடியாது. இந்தப் பட்டியலில் வரி கட்டாதவர் இல்லை. திருவருள்சாதனங்களை வழங்குபவர் உரிய அதிகாரம் வரையறுத்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. ஏழ்மையின் காரணமாக எவரும் அவற்றை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 848-ஆம் எண் கூறுகிறது. பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு கடன் வாங்க ஓடும் ஒரு குடும்பத்துக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டாமா?

வேறு சில ஊர்களில் இதே வரி மறுமுனையிலிருந்து காயப்படுத்துகிறது. தலித் குடும்பங்களிடம் வரியே வாங்காமல் விடுவதன் மூலம், திருவிழாவில் அவர்களுக்குப் பங்கில்லை, தேர் அவர்கள் தெருவுக்கு வராது என்று சொல்லிவிடுகிறார்கள். திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் மாண்பிலும் செயலிலும் உண்மையான சமத்துவம் உண்டு என்று 208-ஆம் எண் அறிவிக்கிறது. வரவுப் பக்கம் மக்கள் முன் விரியும்போது, யாருடைய பெயர் அதில் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். கணக்கை நான் வற்புறுத்துவதற்குப் பணத்தைவிட இது பெரிய காரணம்.

மே, ஜூன் மாதங்களில் நடக்கும் பணிமாற்றத்தின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. நிர்வாகி பொறுப்பேற்கும் முன், நேர்மையாக நிர்வகிப்பேன் என்று ஆயர் முன்னிலையில் உறுதிமொழி எடுக்க வேண்டும்; அசையாச் சொத்துகளையும் விலைமதிப்புள்ள பொருள்களையும் விவரித்துப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; அதன் ஒரு படி பங்கின் ஆவணத்திலும் மற்றொன்று ஆயரகத்திலும் இருக்க வேண்டும் என்று 1283-ஆம் எண் கூறுகிறது. நற்கருணையை ஆராதனைக்கு வைக்கும் பழைய வெள்ளிக் கதிர்ப்பாத்திரம், வெளிநாட்டு மறைப்பணியாளர் விட்டுச்சென்ற திருவுடைகள், யாரோ ஒரு மூதாட்டி எழுதிக்கொடுத்த தென்னந்தோப்பின் பத்திரம் ஆகியவை பல பங்குகளில் ஒருவரின் நினைவில் மட்டும் வாழ்கின்றன. அந்த ஒருவர் மாறினாலோ மறைந்தாலோ அவை எங்கே என்று சொல்ல ஆளில்லை. வரவேற்பு மாலைக்கும் பிரியாவிடைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, பழைய பங்குத்தந்தையும் புதியவரும் நிதிக்குழுவினரும் கூடிப் பட்டியலைச் சரிபார்க்க ஒதுக்குமாறு உங்கள் பணிமாற்ற ஆணையிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகிய நிறுவனங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பணியாளரை வேலைக்கு அமர்த்துவதில் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைத் திருச்சபையின் கோட்பாடுகளுக்கு ஏற்பத் துல்லியமாகக் கடைப்பிடிக்கவும், அவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் தகுந்தபடி வாழ நியாயமான ஊதியம் கொடுக்கவும் நிர்வாகிகளை 1286-ஆம் எண் பணிக்கிறது. திருச்சபைப் பணிக்குத் தங்களை ஒப்படைத்த பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியமும் காப்பீடும் உடல்நலப் பாதுகாப்பும் உரியவை என்கிறது 231-ஆம் எண். உபதேசியாரும் கோயில்பிள்ளையும் சுயநிதிப் பிரிவு ஆசிரியையும் விடுதிச் சமையல்காரரும் இந்த எண்களுக்குள் வருபவர்களே. ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் ஊதியத்துக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரி அருகருகே வெளியானால், தாளாளரும் பணியாளரும் பெற்றோரும் ஒரே உண்மையை வைத்துப் பேச முடியும்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். கணக்கை வெளியிட்டால் திருச்சபைக்கு எதிரானவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்பது முதலாவது. இன்றைய சூழலில் இந்த அச்சம் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருமான வரித் துறைக்கு நம் சங்கங்கள் தணிக்கை அறிக்கை அளிக்கின்றன. வெளிநாட்டு நிதி வந்தால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கு ஆண்டுக் கணக்குப் போகிறது. அரசு அலுவலர் பார்க்கும் தாளை, உண்டியலில் போட்டவர் மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்? அந்தத் தணிக்கை அறிக்கை மறைமாவட்டச் சங்கம் முழுவதையும் சேர்த்து எழுதப்படுவதால், தன் பங்கில் என்ன நடந்தது என்று ஒரு பங்குக்காரர் அதிலிருந்து அறியவும் முடியாது. இரண்டாவது மறுப்பு, கணக்கைச் சொன்னால் கோயிலில் சண்டை வரும் என்பது. முதல் ஆண்டு வரலாம். சொல்லாத இடத்தில் சண்டை இல்லாமலா இருக்கிறது? அது துண்டறிக்கையாகவும் வாட்ஸ்அப் ஒலிப்பதிவாகவும் வழக்காகவும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே எண்களுக்குப் பதிலாக ஊகங்கள் பேசுகின்றன.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தமிழகத்தில் இந்துக் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் அறநிலையத் துறையும் உண்டு. வக்பு சொத்துகளுக்கு வாரியம் உண்டு. கிறிஸ்தவச் சொத்துகளுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 2009-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் ஒரு வரைவை முன்வைத்தது; 2019-இல் நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் வரைவும் வெளிவந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டத்தின் நில விற்பனை பற்றிய பிணக்கு, 2018-இல் வத்திக்கான் நேரடியாக ஒரு நிர்வாகப் பொறுப்பாளரை நியமிக்கும் நிலைக்கும், பின்னர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அரசின் கை நம் காணிக்கைப் பெட்டிக்குள் வருவதை நான் விரும்பவில்லை. எங்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அதை நாங்கள் கடைப்பிடிக்கிறோம் என்று ஒரு நீதிமன்றத்தின் முன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதற்கு, அந்தச் சட்டம் உண்மையில் கடைப்பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வரைவில் எவை இருக்க வேண்டும் என்று ஒரு பொதுநிலையினனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டின் கணக்கை, ஜூன் மாத இறுதிக்குள் ஒரு ஞாயிறு, எல்லாத் திருப்பலிகளின் முடிவிலும் வாசித்து, கோயில் முகப்பில் ஒரு மாதம் ஒட்டி வைக்க வேண்டும். கிளைக் கிராமங்களில் அந்தந்தச் சிற்றாலயத்தின் கணக்குத் தனியே வாசிக்கப்பட வேண்டும். அது நான்கு பக்கச் சுருக்கமாக, எழுத்தறிவு குறைந்தவரும் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வாங்கிய நன்கொடைகளும் அவற்றின் செலவும் தனியாகக் காட்டப்பட வேண்டும். உதவி பெற்ற ஏழைகளின் பெயர்கள் அதில் வரக் கூடாது. நிதிக்குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் பதிவேடு எழுதிப் பழகிய பெண்கள் பங்குதோறும் இருக்கும்போது, கணக்கு தெரிந்தவர் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பங்குத்தந்தையின் உறவினரும், கோயில் வேலையை ஒப்பந்தம் எடுப்பவரும் குழுவில் இடம்பெறக் கூடாது. கூட்டக் குறிப்பேட்டை பல பங்குகளைக் கொண்ட மறைவட்டத்தின் முதல்வர் தம் ஆண்டுப் பார்வையின் போது பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் அதே வரைவு சொல்ல வேண்டும். ஒரு நிர்வாக ஆணையால் பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர், அதை மாற்றுமாறு பத்து நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று 1734-ஆம் எண் கெடு வைக்கிறது. அதற்குப் பின் மேலதிகாரியிடம் முறையிடப் பதினைந்து நாள் என்கிறது 1737-ஆம் எண். இந்தக் கெடுக்களை அறியாததால், நியாயம் தம் பக்கம் இருந்தும் தோற்றுப்போனவர்கள் இருக்கிறார்கள். பிணக்குகளை வழக்காக்காமல் நேர்மையாகத் தீர்த்துவைக்க மறைமாவட்டந்தோறும் நிலையான ஓர் அலுவலகமோ குழுவோ அமைக்கலாம் என்று 1733-ஆம் எண் வழி காட்டுகிறது. ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி, ஒரு துறவி, திருச்சபைச் சட்டம் பயின்ற ஓர் அருள்பணியாளர், ஒரு பெண் வழக்கறிஞர் என்று நான்கு பேர் மாதம் ஒரு நாள் கூடினாலே போதும். ஆயரகத்து வாசலில் மறியல் செய்ய வந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்கும்.

2024 அக்டோபர் 26 அன்று உலக ஆயர் மாமன்றம் நிறைவேற்றிய இறுதி ஆவணம், நிதிக்குழுக்கள் திறம்படச் செயல்பட வேண்டும் என்றும், ஆண்டுக் கணக்கு இயன்றவரை வெளித் தணிக்கையாளரின் சான்றோடு வெளியிடப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் அதைத் தம் போதனையாகவே ஏற்று அறிவித்தார். அவருக்குப் பின் 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14-ஆம் லியோ திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த மாமன்றத்துக்கு வழிவகுத்த, எல்லாரும் சேர்ந்து நடக்கும் கூட்டொருங்கியக்கப் பயணத்துக்காக நம் பங்குகளில் அன்பியந்தோறும் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டீர்கள். மக்கள் நம்பிக்கையோடு பேசினார்கள். அவர்கள் பேசியவற்றுள் கணக்கைப் பற்றிய கேள்வி எத்தனை இடங்களில் வந்தது என்பது உங்கள் ஆயரகக் கோப்புகளிலேயே இருக்கும். அவற்றை எடுத்துப் பாருங்கள்.

கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த தக்கலை, மார்த்தாண்டம், இராமநாதபுரம், ஓசூர் ஆயர்களுக்கு 1990-ஆம் ஆண்டின் கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பே பொருந்தும். எண்கள் வேறாயினும், பொதுச் சொத்தைப் பற்றிய பொறுப்பு அங்கும் இருப்பதால் இந்த வேண்டுகோளை அவர்கள் முன்னும் வைக்கிறேன்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, வரைவு எழுத ஒரு சிறு குழுவை அமைத்து, அந்தக் குழுவில் பொதுநிலையினருக்கும் இடம் கொடுக்க வேண்டுகிறேன். வரைவு முடிந்ததும் பங்குகளுக்கு அனுப்பி மூன்று மாதம் கருத்துக் கேளுங்கள். அடுத்து வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, 1983-இல் தொகுப்பு நடைமுறைக்கு வந்த அதே வழிபாட்டு நாளில், அது உங்கள் மறைமாவட்டங்களில் சட்டமாகட்டும். அதற்கு முன்பாகவே, இந்த ஆண்டிலேயே, சட்ட எண்கள் 537, 848, 1176, 1184, 1267, 1287, 1734 ஆகியவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு எல்லாக் கோயில் முகப்புகளிலும் ஒட்டச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு எந்தக் கூட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துவில் உங்கள் ஊழியன்,
தமிழகப் பங்கு ஒன்றின் பொதுநிலையினன்